ஷிப்டைப் பார்த்து ஜம்ப்

திங்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஃபர்ஸ்ட் ஷிப்ட் விட்டதும் பையன்கள் நேராக மைதானத்துக்கு வந்துவிட்டார்கள். விரல் நுனியில் சாக்பீஸ் தூளைத் தடவிக்கொண்டு, நின்றபடி சுவரில் எட்டும் இடத்தில் ஒரு கோடு, எம்பித் தொடும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் ஜம்ப். ஆண்கள் வாலிபாலில் நெட் 2.43 மீட்டர். உயரம் குறைந்த அட்டாக்கருக்கு அந்த இடைவெளிதான் பிழைப்பு.

"எப்ப மாஸ்டர் ஏறும்?" என்று கேட்டான் ரோலிங் மில் பையன்.

"முதல்ல ஒழுங்கா இறங்கு" என்றேன்.

புதன்

இன்று பெஞ்சிலிருந்து குதித்து நிற்பது மட்டும். முட்டி உள்பக்கம் சாயக் கூடாது. இடுப்பு பின்னால் போக வேண்டும். பாதம் சத்தம் போடக் கூடாது. தடாலென்று விறைப்பாக விழுந்தால் முட்டிச்சில்லுக்குக் கீழே உள்ள தசைநாண்தான் அடி வாங்கும். நார்வேயில் நடத்தி 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், முன்னணி வாலிபால் வீரர்களில் ஏறக்குறைய 45 சதவீதம் பேருக்கு அந்த இடத்தில் வலி இருந்தது. அவர்கள் ஆடுவது உள்ளரங்கத் தளத்தில். நாங்கள் ஆடுவது இறுகிப்போன மண்ணில்.

வியாழன்

பஸ்கி, ஒற்றைக்கால் பஸ்கி, மணல் மூட்டையைத் தோளில் வைத்து மெதுவாக உட்கார்ந்து விசுக்கென்று எழுவது. யூடியூப் பார்த்துவிட்டு வந்த ஒருவன், உயரத்திலிருந்து குதித்த வேகத்திலேயே திரும்ப எம்பும் பயிற்சி வேண்டும் என்றான். 1960-களில் சோவியத் பயிற்சியாளர் வெர்கோஷான்ஸ்கி வளர்த்தெடுத்த முறை அது. தரையில் கால் பட்டதும் இழுபடும் தசைநாண், அதே வேகத்தில் சுருங்கி ஆளைத் தூக்கும். தொடையில் பலம் இல்லாதவன் தரையிலேயே தங்கிவிடுவான். இழுபட்ட விசை வீணாகும், முட்டி வீங்கும். எடை தூக்கிக் காலைப் பலப்படுத்தியவர்களுக்குத்தான் அது. மூட்டையையே தூக்கச் சொன்னேன்.

சனி

நைட் ஷிப்ட் முடித்து, சரியாகத் தூங்காமல் வந்திருந்தான் செட்டர். எம்பச் சொன்னேன். திங்களன்று போட்ட கோட்டுக்கு நாலு விரல் கீழே தொட்டான். இரவெல்லாம் மெஷின் முன்னால் நின்ற காலுக்கு அதுவே ஒரு பயிற்சிதான். செட்டிங் மட்டும் கொடுத்தேன்.

"டீம்லருந்து தூக்கிடாதீங்க மாஸ்டர்."

"தூங்கிட்டு வாடா, போதும்."

ஞாயிறு

2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியா தென் கொரியாவை 3-2 என்று வென்ற ஆட்டத்தைப் பற்றிப் பையன்களிடம் பேசினேன். முதல் செட்டில் எல்லோரும்தான் எம்புவார்கள்; ஐந்தாவது செட்டுக்கும் காலில் மிச்சம் வேண்டும். அடுத்த வாரத் திட்டத்தை ஷிப்ட் அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன். நைட் ஷிப்ட் வாரத்தில் ஜம்ப் கிடையாது. மற்றவர்களுக்கு வாரம் இரண்டு நாள், நடுவில் இரண்டு நாள் ஓய்வு. ஓ.டி. பார்த்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.