பயணத்தில் ஓதலும் ஒரு யூஎஸ்பியும்



வாகனத்தில் ஏறி அமர்ந்ததும் பயண துஆவை ஓதிக்கொள்ளும் வழக்கம் நம் குடும்பங்களில் பரவலாக உண்டு. துஆ முடிந்தபின் என்ன ஒலிக்க வேண்டும் என்பதில்தான் வழக்கு தொடங்குகிறது. எங்கள் வீட்டில் உம்மாவுக்குக் கிராஅத் வேண்டும். வாப்பாவுக்கு நாகூர் ஈ.எம். ஹனீபா வேண்டும், பிள்ளைகளுக்குப் புதிய திரைப்பாட்டு வேண்டும். இசை குறித்து மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை நாங்கள் இங்கே எடுத்துப் பேசப்போவதில்லை. நாங்கள் சொல்ல வந்தது, பார்வைக்கு அற்பமாகத் தோன்றும் ஒன்றைப் பற்றி: ஒரு யூஎஸ்பியில் உள்ளவை ஒலிக்கும் வரிசையைப் பற்றி.

சென்னையிலிருந்து காயல்பட்டினம் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை அந்தத் தொலைவைக் காரில் கடக்கிறோம். உம்மாவுக்குச் சர்க்கரை நோயால் பார்வை மங்கிவிட்டது. முஸ்ஹஃபை விரித்து வைத்து ஓத இயலாது. காதால் கேட்டு, காரியோடு சேர்ந்து உதடசைத்து ஓதுவதே இப்போது அவர்களுடைய திலாவத். வீட்டில் அடுப்படி வேலையும் விருந்தினர் வருகையும் குறுக்கிடும். காரில் கிடைக்கும் அந்தப் பதினொரு, பன்னிரண்டு மணி நேரத்தை அவர்கள் பொக்கிஷமாகக் கருதுகிறார்கள்.

அந்த நேரத்தைத்தான் புதிய காரின் ஒலிக்கருவி கூறுபோட்டது. 114 சூராக்களும் 1, 2, 3 என்று எண்ணிடப்பட்ட கோப்புகளாக இருந்தன. அல்ஃபாத்திஹா முடிந்தது, அல்பகரா வரவேண்டிய இடத்தில் சூரா யூனுஸ் ஒலித்தது. அடுத்து அல்ஆதியாத், அதற்கடுத்து அல்காரிஆ. கருவி எண்களை எண்களாக அன்றி எழுத்துகளாகப் படிக்கிறது. அதன் கணக்கில் 1-க்குப் பின் 10, பிறகு 100, 101. அல்பகராவின் முறை வருவதற்கு முன் 25 சூராக்கள் முந்திக்கொள்கின்றன. தொடர்ந்து ஓதிவரும் ஒருவருக்கு இது நடந்துகொண்டிருக்கும் படியை உருவியெடுப்பது போன்றது.

இன்னொரு தொல்லையும் உண்டு. 286 ஆயத்துகள் கொண்ட அல்பகரா நிதானமான ஓதலில் இரண்டு மணி நேரத்தைத் தாண்டும். நடுவில் தொழுகைக்கோ தேநீருக்கோ நிறுத்தி எஞ்சினை அணைத்தால், மீண்டும் கிளப்பும்போது எங்கள் கருவி தொடக்கத்திற்கே போய்விடும். வாப்பா இதைக் கண்டு சிரிப்பார். 1963-இல் வந்த ஒலிநாடா, நிறுத்திய இடத்திலேயே நிற்கும். கழற்றி வேறு கருவியில் போட்டாலும் அவ்விடத்திலிருந்தே பேசும். அந்த நினைவாற்றல் இத்தனை விலை கொடுத்து வாங்கிய கருவிக்கு இல்லை.

இவை எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டோம். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. ஒரு கோப்புறை முடிந்தால் கருவி தானாக அடுத்த கோப்புறைக்குத் தாவும். சூராவின் இறுதி ஆயத் ஓய்ந்த மறுகணமே, இடைவெளியின்றி, பிள்ளைகளின் திரைப்பாட்டு மேளத்தோடு வெடிக்கும். உம்மா கோபப்படவில்லை. உதடசைவு நின்றது. "அணைச்சுடு வாப்பா" என்று மகனிடம் மெல்லச் சொன்னார்கள். அதன்பின் விழுப்புரம் வரை யாரும் எதையும் போடவில்லை.

பழுதுபார்க்கும் நிலையத்தில் கேட்டபோது, மென்பொருள் அப்படித்தான் வருகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆகவே தீர்வுகளை நாங்களே தேடினோம். அவை பிற குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறோம். கோப்பின் பெயரை 001, 002, 003 என்று மூன்று இலக்கத்தில் தொடங்கினால் வரிசை சீராகும். சில கருவிகள் பெயரையும் பாராமல், கோப்புகள் பதியப்பட்ட வரிசையையே பின்பற்றும். அவற்றுக்கு யூஎஸ்பியை முழுதும் வெறுமையாக்கி, முதலாவதிலிருந்து ஒவ்வொன்றாகப் பதிய வேண்டும். யூஎஸ்பி ஃபேட்32 முறையில் அமைந்திருப்பது நல்லது; என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் முறைகளைப் பல கார்க் கருவிகள் படிப்பதில்லை. நீண்ட சூராவை அரைமணி நேரப் பகுதிகளாகப் பிரித்துக்கொண்டால், நிறுத்திய இடத்தைத் தேடுவது எளிது. ஆயத் முடியும் இடத்தில் பிரிப்பது அவசியம்.

இவற்றைப் புறப்படுவதற்கு முந்தைய நாளே செய்துவிட வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் மூன்று விநாடியில் 66 மீட்டரைக் கடக்கிறது. ஓட்டுபவர் அடுத்த சூராவைத் திரையில் தேடும் அந்த மூன்று விநாடியில் சாலையைப் பார்ப்பவர் எவருமில்லை. காரில் இருப்போரின் உயிர் அவர் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

எல்லாவற்றிலும் முக்கியமான மாற்றம், ஓதலுக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று என யூஎஸ்பிகளைப் பிரித்ததுதான். ஓதலுக்கானதில் பச்சை நூல் கட்டியிருக்கிறோம். உம்மா தடவிப் பார்த்தே அறிந்துகொள்வார்கள். கருவிக்கு ஓதலும் பாட்டும் ஒன்றே. இரண்டும் அதற்கு வெறும் கோப்புகள். வேறுபாடு அறிந்தவர்கள் நாம். ஒழுங்கைக் காக்கும் பொறுப்பும் நம்முடையதே.

அந்தப் பொறுப்பு யூஎஸ்பியோடு முடியவில்லை என்பதையும் போகப்போக உணர்ந்தோம். குர்ஆன் ஓதப்படும்போது செவிசாய்த்து அமைதி காக்குமாறு அல்அஃராஃப் சூராவின் 204ஆவது ஆயத் பணிக்கிறது. வரிசை சரியாக அமைந்தபின்னும், ஓதல் ஒருபுறம் ஒலிக்க, சொத்து விவகாரமும் கல்யாணச் செலவும் மறுபுறம் பேசப்பட்டால் யாருக்கு என்ன பயன்? ஆகவே இப்போது பேச வேண்டியது வந்தால் ஓதலை நிறுத்திவிட்டுப் பேசுகிறோம். உம்மாவின் நேரம் முடிந்ததும் வாப்பாவுக்கு ஹனீபா; அதன்பின் பிள்ளைகள் தம் காதொலிப்பான்களில் கேட்டுக்கொள்கிறார்கள்.

சென்ற பயணத்தில் உம்மா அல்பகராவை முதல் ஆயத்திலிருந்து இறுதி ஆயத் வரை, ஓரிடத்திலும் அறுபடாமல், உடன் ஓதி முடித்தார்கள். பார்வை மங்கிய பிறகு அதுவே முதல் முறை. உங்கள் வீட்டிலும் அப்படிக் காதால் ஓதும் ஒருவர் இருக்கக்கூடும். அவருக்காக ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கிக் கோப்புகளுக்கு எண்ணிட்டுக் கொடுங்கள். வல்ல நாயன் நம் பயணங்களை இலேசாக்கி வைப்பானாக. ஆமீன்.