கழற்றி வைத்த சிம்

அக்டோபர் 3, 2025. திருப்பூர்.
இரவு சிம்மைக் கழற்றி, நகைக்கடையில் கொடுத்த சின்னப் பர்சுக்குள் போட்டு பீரோவில் வைத்துவிட்டேன். வீட்டாருக்கு மட்டும் ஒரு புது நம்பர். கிரெடிட் கார்டுக்குக் கட்ட வேண்டிய கடைசி நாள் செப்டம்பர் 28. பாக்கி 62,000 ரூபாய். ஆகஸ்ட் 27இல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கான வரியை 50 விழுக்காடாக்கியதும், அங்கே துணி அனுப்பும் எங்கள் கம்பெனிக்கு ஆர்டர் நின்றது. ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்களில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள், நானும் அவர்களில் ஒருவன். அப்பாவின் கண் ஆபரேஷனுக்கும் பிள்ளையின் ஃபீசுக்கும் தேய்த்த கார்டு அது. கட்டக்கூடாது என்ற எண்ணம் எனக்கில்லை. கையில் பணமில்லாமல் வங்கியோடு பேச வாய் வரவில்லை.

அக்டோபர் 11
சிலிண்டர் வந்தது. டெலிவரிக்குச் சொல்ல வேண்டிய எண் பழைய நம்பருக்குத்தான் வரும். சிலிண்டர் கொண்டுவந்த பையன் படியில் நிற்க, அவசரமாகச் சிம்மைப் போட்டேன். எண் வருவதற்குள் வங்கியிலிருந்து மூன்று முறை அழைத்துவிட்டார்கள். எண்ணைச் சொல்லிவிட்டு மறுபடி கழற்றினேன். ஆதார், ரேஷன், பி.எஃப். எல்லாம் அந்த நம்பரில் இருக்கும்போது வங்கிக்கு மட்டும் காணாமல் போக முடியவில்லை.

அக்டோபர் 22
தீபாவளி முடிந்து இரண்டாம் நாள். தாராபுரத்திலிருந்து அம்மா கூப்பிட்டாள். "யாரோ பேங்க்ல இருந்து பேசறாங்க கண்ணு. நீ எங்கன்னு கேக்கறாங்க. வெளியூரு போயிருக்கான்னு சொல்லிப் போட்டேன். செரிதானே?"
கார்டு வாங்கும்போது அம்மாவின் நம்பரை நான்தான் எழுதிக் கொடுத்தேன். எழுபது வயதில் எனக்காகப் பொய் சொல்ல வைத்துவிட்டேன். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

நவம்பர் 9
சிம்மைப் போட்டு, மெயிலையும் திறந்து, வங்கி அனுப்பிய எல்லாச் செய்தியையும் முதலிலிருந்து படித்தேன். கடைசியில் வந்தவைதான் மிரட்டல். முதல் மூன்று வாரச் செய்திகள் மரியாதையாகவே இருந்தன. அக்டோபர் 14இல் வந்தது: முழுப் பாக்கியையும் தவணையாக மாற்றிக்கொள்ளலாம், 20ஆம் தேதி வரை அவகாசம். அது வந்தபோது சிம் பீரோவில் கிடந்தது.
கணக்குப் போட்டேன். மாத வட்டி 3.5 விழுக்காடு என்றால் 2,170. தாமதக் கட்டணம் 950. இரண்டுக்கும் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. மாதம் கிட்டத்தட்ட 3,700 ஏறுகிறது. கடைசித் தேதியிலிருந்து 90 நாள் குறைந்தபட்சத் தொகைகூடக் கட்டாவிட்டால் வாராக்கடன். எனக்கு அந்த நாள் டிசம்பர் 27.

நவம்பர் 12
வங்கிக் கிளைக்குப் போனேன். கார்டு விஷயம் இங்கே பார்ப்பதில்லை என்றார்கள். வீட்டுக்கு வந்து மெயில் எழுதினேன். வேலை போனது, புது நம்பர், மாதம் 3,500 கட்ட முடியும் என்பது, எல்லாவற்றையும் எழுதினேன். வசூலுக்குக் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக்கூடாது, குடும்பத்தாரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சொல்லியிருப்பதையும் குறிப்பிட்டேன். அம்மாவுக்கு இரவு 8.40க்கு வந்த அழைப்பைத் தேதியோடு எழுதினேன். நான் ஒளிந்திருந்த வரைக்கும் இதைக் கேட்க எனக்குத் தைரியம் இருந்ததில்லை. 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கான உதவி எண் 14448ஐச் சுவர் காலண்டரில் எழுதி வைத்தேன்.

நவம்பர் 26
பதில் வந்தது. கார்டு முடக்கம். 69,400 ரூபாய், 24 தவணை, மாதம் 3,465. அக்டோபரிலேயே பேசியிருந்தால் 7,400 ரூபாய் மிச்சம். ஒரு மாத வீட்டு வாடகை அது.

டிசம்பர் 5
வேறொரு யூனிட்டில் செக்கிங் வேலை. சம்பளம் பழையதில் பாதிதான். முதல் தவணையைக் கட்டிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டு, "இனி யார் கேட்டாலும் என் நம்பரைக் குடும்மா, வெளியூருன்னு சொல்லாதே" என்றேன்.
என்னைப் போல் சிம்மைக் கழற்றி வைத்திருப்பவர்கள் இந்த ஊரில் பல பேர் இருப்பீர்கள். இன்று ராத்திரியே அதைப் போட்டு, மெயிலையும் திறந்து, வங்கி முதலில் அனுப்பிய செய்திகளைப் படியுங்கள்.