மறுபதிப்பு இல்லாத பெயர்கள்

சென்ற மாதம் எனது பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்தவர். சுவர் முழுவதும் அடுக்கியிருந்த இசைத்தட்டுப் பெட்டிகளைக் கண்டு வெகுநேரம் பேசாது நின்றார். பிறகு சற்றுத் தயங்கி, "சேர், குறை நினைக்கக் கூடாது. தொழிலாளர் வாழ்வைப் பற்றி எங்களுக்கு வகுப்பில் எவ்வளவோ சொல்லித் தந்தீர்கள். இப்போது ஓய்வூதியத்தில் பாதியை இந்த அமெரிக்க இசைக்கே கொடுக்கிறீர்களே, இது நியாயமா?" என்று கேட்டார்.

அன்று நான் சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் அக்கேள்வி என்னை விடவில்லை. அதற்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். பதில் என்பதைவிட ஒப்புதல் வாக்குமூலம் என்றால் பொருந்தும்.

என் தந்தையார் திருகோணமலைக் கடற்படைத் தளத்தின் டொக்யாட்டில் பிட்டராக வேலை செய்தவர். வெள்ளையனின் கப்பல்களுக்கு மருத்துவம் பார்ப்பது தன் தொழில் என்று வேடிக்கையாகச் சொல்வார். 1957 ஒக்டோபர் 15 ஆம் நாள் அத்தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. எனக்கு அப்போது பதினொரு வயது. அந்நியக் கொடி இறங்கிய செய்தி கேட்டு எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரும் கூத்தாடினோம். அந்நியத் தளம் அகல வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது என்பதில் தந்தையாருக்கும் ஐயமில்லை. ஆயினும் கொடியோடு பலருடைய வேலையும் போயிற்று. எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத இரவுகள் அந்த ஆண்டில்தான் தொடங்கின.

கப்பலேறிய ஆங்கில மாலுமி ஒருவன் சாவி முறுக்கி இயக்கும் கிராமபோன் ஒன்றையும் ஒரு மரப்பெட்டி நிறைய இசைத்தட்டுகளையும் தந்தையாரிடம் கொடுத்துவிட்டுப் போனான். பணம் கொடுத்திருந்தால் அரிசி வாங்கியிருக்கலாம் என்று அம்மா முணுமுணுத்தது நினைவிருக்கிறது. அன்றிரவு முதல் தட்டைச் சுழலவிட்டபோது, "இது அழுகையா, சிரிப்பா?" என்று அவரே கேட்டார். ஜாஸ் இசையைப் பற்றி அதைவிடச் சிறந்த விமர்சனத்தை நான் இன்றுவரை எந்த நூலிலும் படித்ததில்லை.

அந்தப் பெட்டியில் மற்றவற்றைவிடப் பெரிய தட்டு ஒன்று இருந்தது. பன்னிரண்டு அங்குலம், நடுவில் ஒட்டிய காகித வட்டம் சிவப்பும் வெள்ளையும் நீலமும். அமெரிக்க இராணுவம் தன் படையினருக்காக 1943 முதல் 1949 வரை வெளியிட்ட 'வி-டிஸ்க்' அது. 1944 இல் சரட்டோகா என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் திருகோணமலைக்கு வந்து பிரித்தானியப் படையுடன் சேர்ந்து இயங்கிற்று. அத்தகைய கப்பலொன்றிலிருந்து கைமாறிக் கைமாறி எங்கள் வீட்டை அடைந்திருக்க வேண்டும். அதில் பியானோ வாசித்துப் பாடியவர் பட்ஸ் வாலர். 1943 செப்டெம்பரில் அவர் படையினருக்காகப் பதிவு செய்தார். டிசம்பரில் ரெயில் பயணத்தின் நடுவே இறந்தார். வயது முப்பத்தொன்பது.

பள்ளியில் எங்களுக்கு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர் இடதுசாரி. அந்தத் தட்டை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "பாட்டு நன்றாக இருக்கிறதா என்று மட்டும் கேளாதே தம்பி. யார் பாடினான், அவனுக்கு என்ன கூலி கிடைத்தது என்றும் கேள்" என்றார். எனது சேகரிப்பு அந்த வாக்கியத்திலிருந்து தொடங்கியது.

கேட்கத் தொடங்கினால் கதை விரிந்துகொண்டே போகிறது. முதலில் தட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய 78 சுற்றுத் தட்டுகள் அரக்கினால் ஆனவை. அந்த அரக்கின் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து, குறிப்பாகச் சோட்டா நாகபுரிக் காடுகளிலிருந்து சென்றது. மரக்கிளைகளில் பூச்சிகள் சுரந்ததை அங்குள்ள ஆதிவாசி மக்கள் சுரண்டி எடுத்துச் சொற்ப காசுக்கு விற்றார்கள். சிக்காகோவில் ஒரு கறுப்பினக் கலைஞன் ஊதிய மூச்சு, சோட்டா நாகபுரியில் ஒரு பெண் சுரண்டிய அரக்கில் பதிந்தது. இருவரும் ஒருவரையொருவர் அறியார். இலாபம் கண்டவன் இருவரையும் அறிவான்.

போர்க்காலத்தில் அரக்கு தட்டுப்பாடானது. அதனால்தான் எங்கள் வி-டிஸ்க் வினைல் என்ற புதிய பொருளில் செய்யப்பட்டிருந்தது. அதற்கு இன்னொரு சிறப்பும் உண்டு. 1942 ஓகஸ்ட் 1 ஆம் நாள் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. வானொலியிலும் உணவகங்களிலும் தட்டுகள் சுழலச் சுழல, நேரில் வாசிக்கும் கலைஞர் வேலை இழந்தனர். ஆகவே, தட்டு விற்பனையில் ஒரு பங்கு எங்களுக்கு வேண்டும், தராதவரை எந்த நிறுவனத்துக்கும் வாசிக்க மாட்டோம் என்றனர். பெரிய நிறுவனங்கள் இரண்டு 1944 நவம்பர் வரை பணியவில்லை. இராணுவத்துக்கான பதிவுகளுக்கு மட்டும் சங்கம் விலக்களித்தது. அவற்றை விற்கக் கூடாது என்பது நிபந்தனை.

இதன் விளைவை எந்தச் சேகரிப்பாளனும் தன் அலமாரியிலேயே காணலாம். சார்லி பார்க்கரும் டிசி கில்லெஸ்பியும் 1943 இல் ஏர்ல் ஹைன்சின் குழுவில் ஒன்றாக வாசித்தார்கள். ஜாஸ் புதுப்பிறவி எடுத்த காலம் அது. அக்குழுவின் அந்த ஆண்டு இசை எந்த நிறுவனத்தின் தட்டிலும் இல்லை. சேகரிப்பாளர் பலர் இதை ஒரு பேரிழப்பு என்று அங்கலாய்ப்பர். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. அந்த வெற்றிடம் தொழிலாளர் ஒற்றுமையின் பதிவு. ஊதாமல் இருப்பதற்கும் ஒரு கலைஞனுக்கு உரிமை உண்டு.

எல்லோருக்கும் அந்த வலிமை வாய்க்கவில்லை. பட்ஸ் வாலர் தம் பாடல்கள் பலவற்றின் உரிமையைச் சில நூறு டொலருக்கு விற்றவர். பெசி ஸ்மித் கொலம்பியா நிறுவனத்துக்காக ஏறத்தாழ 160 பாடல்கள் பாடினார். பாட்டுக்கு இவ்வளவு என்று கூலி, விற்பனையில் பங்கில்லை. 1937 இல் விபத்தில் இறந்தபோது அவர் கல்லறைக்கு ஒரு கல்கூட நாட்டப்படவில்லை. 1970 இல் அவர் பாடல்கள் அனைத்தையும் மறுபதிப்பாக வெளியிடும் பணி தொடங்கிற்று. அதே ஆண்டில்தான் வேறு இரு பெண்கள் பணம் கொடுத்து அக்கல்லறைக்குக் கல் நாட்டினர். 1923 இல் ஆம்ஸ்ட்ரோங்கை அருகில் வைத்துக்கொண்டு கிங் ஒலிவர் பதிந்த இசை எத்தனை முறை மறுபதிப்பானது என்பதற்குக் கணக்கில்லை. அந்த ஒலிவர் 1938 இல் சவானா நகரில் ஒரு விளையாட்டு விடுதியைக் கூட்டித் துடைப்பவராக இருந்து மாண்டார்.

அப்படியானால் மறுபதிப்பு என்பது செத்தவன் உழைப்பில் மீண்டும் ஒருமுறை இலாபம் தேடுவதுதானா? பல வேளைகளில் ஆம். ஐரோப்பாவில் பதிவுக்கான உரிமைக்காலம் 50 ஆண்டுகளாக இருந்த காலத்தில், அது முடிந்ததும் யாருக்கும் ஒரு சதமும் கொடாமல் மலிவுப் பெட்டிகளை வெளியிட்ட நிறுவனங்கள் ஏராளம். 2013 இல் அக்காலம் 70 ஆண்டுகளாக நீட்டப்பட்டது. அத்தகைய மலிவுப் பெட்டிகள் என் அலமாரியிலும் உண்டு. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

ஆயினும் நல்ல மறுபதிப்பு ஒரு நீதியைச் செய்கிறது. பழைய தட்டுகளில் குழுத்தலைவனின் பெயர் மட்டுமே இருக்கும். மூலையில் நின்று தாளம் போட்டவனை யாரும் பொருட்படுத்தவில்லை. 1936 இல் பாரிசில் சார்ல்ஸ் டெலோனே என்பவர் எந்தத் தட்டில் யார் யார் வாசித்தனர், எந்த நாளில் வாசித்தனர் என்று தேடித்தேடி ஒரு நூலாக வெளியிட்டார். நியூயோர்க்கில் கடை வைத்திருந்த மில்ட் கேப்ளர் பழைய பதிவுகளை மறுபதிப்புச் செய்தபோது வாசித்த அனைவர் பெயரையும் தட்டிலேயே அச்சிட்டார். 1983 முதல் மொசைக் நிறுவனம் வெளியிட்டு வரும் பெட்டிகளில் இசைக்கு நிகரான கவனம் பெயர்களுக்கும் நாள்களுக்கும் தரப்படுகிறது. நான் பெட்டியைத் திறந்தால் முதலில் எடுப்பது அந்தச் சிறு நூலைத்தான். கூலியாகக் கருதப்பட்டவன் அதில் மனிதனாக எழுந்து நிற்கிறான்.

மேடைப் பதிவுகளில் எனக்குள்ள பித்துக்கும் ஓர் ஊர்க் காரணம் உண்டு. எங்கள் துறைமுகம் கைமாறி ஆறு வாரம் கழிந்த பின், 1957 நவம்பர் 29 ஆம் நாள், நியூயோர்க் கார்னகி மண்டபத்தில் தெலோனியஸ் மொங்கும் ஜோன் கொல்ட்ரேனும் சேர்ந்து வாசித்தார்கள். ஹார்லம் பகுதியின் சமூக நிலையமொன்றுக்கு நிதி திரட்டிய நிகழ்ச்சி அது. அமெரிக்காவின் குரல் வானொலி அதைப் பதிவு செய்தது. பின்னர் நாடாக்கள் காங்கிரஸ் நூலகத்தில் கேட்பாரின்றிக் கிடந்தன. 2005 இல்தான் கண்டெடுத்தார்கள். அதே வானொலியில்தான் நாங்கள் அக்காலத்தில் இரவு இரவாக வில்லிஸ் கொனோவரின் ஜாஸ் நிகழ்ச்சியைச் சிற்றலையில் கேட்டோம். அந்த இறுவட்டை முதன்முதலில் கேட்டபோது என் கண் கலங்கிற்று. அப்போது எனக்கு அறுபது வயதை எட்டும் காலம்.

அந்த வானொலியின் அரசியலை நாங்கள் அறியாதவர்கள் அல்லர். பால் ரோப்சனின் கடவுச்சீட்டை 1950 இல் பறித்த அரசுதான் ஜாஸ் கலைஞரை உலகெங்கும் தூதுவராக அனுப்பிற்று. 1958 இல் டேவ் புரூபெக்கும் 1963 இல் டியூக் எலிங்டனும் இலங்கைக்கு வந்தது அந்த ஏற்பாட்டில்தான். ஆனால் 1957 செப்டெம்பரில் லிட்டில் ரொக் நகரில் கறுப்பினப் பிள்ளைகளைப் பள்ளிக்குள் விடாது தடுத்தபோது, அரசின் சார்பில் சோவியத் நாட்டுக்குப் போக மாட்டேன் என்று லூயி ஆம்ஸ்ட்ரோங் முகத்துக்கு நேரே சொன்னார். இசையை அனுப்பியவனின் நோக்கம் வேறு. அந்த இசைக்குள் இருந்த நெஞ்சு வேறு. எலிங்டன் அந்தப் பயணத்தின் பேறாகச் செய்த தொகுப்பில் டில்லி உண்டு, ஆக்ரா உண்டு. எங்கள் தீவின் பெயர் இல்லை. பெயர் விடுபடும் வலி இசைத்தட்டிலும் உண்டு.

இனி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

தந்தையார் ஒரு கொப்பி வைத்திருந்தார். வேலை போன பிறகு, மாலை நேரங்களில் திண்ணையில் இருந்து அதில் எழுதுவார். டொக்யாட்டில் தன்னோடு வேலை செய்தவர்களின் பெயர்கள். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், மலையாளிகள் எல்லோரும் இருந்தனர். எந்தப் பட்டறை, என்ன வேலை, யாருக்கு எப்போது கை நசுங்கியது, 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது யார் எங்கே நின்றனர் என்றெல்லாம் பென்சிலால் எழுதியிருந்தார். டெலோனே பாரிசில் செய்ததை, அவரைக் கேள்விப்பட்டிராத ஒரு பிட்டர் திருகோணமலையில் செய்திருக்கிறார். அவர் இறந்த பின் அந்தக் கொப்பி என் அலமாரியில், இசைத்தட்டுகளுக்குப் பக்கத்தில் இருந்தது. நான் ஒருநாளும் அதை முழுதாகப் படித்ததில்லை.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. ஊரைவிட்டு ஓட எங்களுக்குக் கிடைத்தது அரைமணி நேரம். பிள்ளைகளின் உடுப்பு, அடையாள அட்டைகள், கொஞ்சம் அரிசி. கடைசியாக அலமாரியைத் திறந்தேன். வி-டிஸ்க்கை எடுத்து மனைவியின் சேலையொன்றில் சுற்றிப் பையில் வைத்தேன். கொப்பி கண்ணில் பட்டது. பையில் அதற்கு இடமும் இருந்தது. "பிறகு வந்து எடுக்கலாம்" என்று கதவைச் சாத்தினேன்.

திரும்பி வந்தபோது வீடு இல்லை. சாம்பலை நான் இரண்டு நாள் கிளறினேன்.

காப்பாற்றிய தட்டில் உள்ள இசை இன்று எந்த ஊரிலும் கிடைக்கும். அது நீள்தட்டாக வந்தது, இறுவட்டாக வந்தது, இன்று கைப்பேசியில் சும்மா கிடைக்கிறது. பட்ஸ் வாலரைக் காக்க உலகமே இருக்கிறது. பட்டறையில் என் தந்தையாருக்கு அருகே நின்றவனுக்கு அந்தக் கொப்பி மட்டுமே இருந்தது. நியூயோர்க்கில் 1943 இல் தாளம் போட்டவனின் பெயரை நான் உறக்கத்திலும் சொல்வேன். எங்களுக்குச் சோறு போட்ட துறைமுகத்தில் உழைத்தவர்களின் பெயர்களை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. யார் பாடினான் என்று கேட்கக் கற்றுத் தந்தவரின் மாணவன் நான். கேள்வியைக் கடல் கடந்து எறிந்தேன். என் வாசலில் கேட்கவில்லை.

இசையை நேசித்தது குற்றம் என்று நான் நினைக்கவில்லை. பெயர்களின் அருமையை எனக்குக் கற்பித்ததே அந்தப் பெட்டிகள்தாம். ஆனால் சேகரிப்பு என்பது வாங்கி அடுக்குவது என்று நெடுங்காலம் மயங்கியிருந்தேன். விலைக்குக் கிடைப்பதைச் சேர்க்கப் பணம் போதும். விலைக்குக் கிடைக்காததைச் சேர்க்கத்தான் மனிதர் வேண்டும்.

கேள்வி கேட்ட மாணவரிடம் இதையெல்லாம் தொலைபேசியில் சொன்னேன். சற்றுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, "சேர், என் தாத்தாவும் டொக்யாட்டில்தான் வேலை செய்தார். அவரை அங்கே எல்லோரும் ஒரு பட்டப்பெயரில் கூப்பிடுவார்களாம்" என்றார். பெயரையும் பட்டப்பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டேன்.

இப்போது என் மேசையில் புதிய கொப்பி ஒன்று இருக்கிறது. மாலையில் நானும் உயர்தர வகுப்பு மாணவர் இருவரும் பழைய குடும்பங்களைத் தேடிப் போகிறோம். அங்கு வேலை செய்தவர் அநேகமாக எவரும் இல்லை. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சொல்கிறார்கள். சிங்கள நண்பர் ஒருவர் தம் மக்களிடையே விசாரித்துத் தருகிறார். இதுவரை முப்பத்தேழு பெயர்கள். தந்தையாரின் கொப்பியில் இருந்தவை இருநூறுக்கு மேல்.

இதைப் படிக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் ஓர் ஆலையோ, தோட்டமோ, துறையோ இருந்திருக்கும். அங்கே உழைத்தவர் பெயர் எந்தத் தட்டிலும் அச்சாகியிராது. நாளை வகுப்புக்குப் போனதும் பிள்ளைகளிடம் ஒரு கொப்பியைக் கொடுங்கள்.