தூளி

பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் செய்து முடிப்பதற்கென்று நான் எண்ணி வைத்திருந்தவை பல. அவற்றுள் முதலில் நிறைவேறியது, கிள்ளானில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு துணித் தூளி கட்டியதுதான். நிறைவேறியது என்றா சொன்னேன்? முதல் நாளே அது என்னைத் தரையில் தள்ளிவிட்டது.

மூலை வீடாதலால் எங்களுக்குச் சற்று நிலம் உண்டு. மாமரத்துக்கும் ரம்புத்தான் மரத்துக்கும் இடையே பத்தடி தூரம். துணி தரையில் தோய்ந்துவிடக் கூடாதே என்று, என் மனைவியின் பழைய பாலியஸ்டர் சேலையொன்றைக் கொடிக்கயிறுபோல் விறைப்பாக இழுத்துக் கட்டினேன். ஏறிப் படுத்த மறுகணமே முடிச்சு நழுவிற்று. முதுகுவலி ஒரு வாரம் இருந்தது. மனைவியின் சிரிப்பு அதற்கு மேலும் இருந்தது.

செய்தி பிரிக்பீல்ட்ஸில் வாழும் என் தமக்கையாருக்கு எட்டியது. இரயில்வேயில் பணியாற்றிய கணவர் மறைந்த பின்னும் அவர் அப்பகுதியை விட்டுப் பெயரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொமியூட்டர் இரயிலேறி வந்துவிட்டார். மரத்தைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். "இவ்வளவு படித்தும் ஒரு தூளி கட்டத் தெரியவில்லையே, தம்பி!" என்றார்.

அன்றே தெங்கு கிளானா சாலைக்குச் சென்று கெட்டியான பருத்திச் சேலையொன்று வாங்கி வந்தோம். வழுவழுப்பான துணியில் முடிச்சு நிற்காது. பருத்தி தன்னைத்தானே கவ்விக்கொள்ளும். ஐந்தரை மீட்டர்ச் சேலையை நீளவாக்கில் பாதியாக மடித்து இரட்டையாக்கினார் அக்காள். ஒவ்வொரு முனையையும் சேலைக்குக் கொசுவம் வைப்பதுபோலவே விரலிடுக்கில் மடித்துச் சேர்த்தார். சேர்த்த முனையை ஒரு சாண் அளவு பின்னுக்கு வளைத்து, அவ்வளைவின் கழுத்தில் கயிற்றை இறுக்கினார். பாரம் ஏற ஏற அக்கட்டு இறுகுமேயன்றி நெகிழாது. மரத்தின் பட்டை காயப்படாதிருக்கச் சாக்குத்துணி சுற்றி, மார்பளவு உயரத்தில் கயிற்றைக் கட்டினோம். நான் வழக்கம்போல் இழுத்துப் பிடிக்க, "தொய்வாக விடு. இழுத்துக் கட்டினால் அறுந்துபோகும்" என்றார்.

இரவு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கயிறு கிடைமட்டத்தோடு 30 பாகை சாய்ந்திருந்தால், ஒவ்வொரு கயிற்றின் இழுவையும் படுத்திருப்பவரின் எடைக்குச் சமம். சாய்வு 10 பாகையானால் அது ஏறத்தாழ மூன்று மடங்கு. எழுபது கிலோ எடையுள்ள நான், முதல் நாள் ஒவ்வொரு முடிச்சின்மீதும் இருநூறு கிலோவைச் சுமத்தியிருக்கிறேன்! இக்கணக்கை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியவன் நான்.

தொங்கும் படுக்கை கரீபியத் தீவுகளின் பழங்குடியினர் உலகுக்குத் தந்தது என்பர். 1492-இல் கொலம்பஸ் அதைக் கண்டார். பின்னர் அது மாலுமிகளின் கப்பற்படுக்கையாயிற்று. ஆயினும் துணியைத் தொங்கவிட்டுக் குழந்தையைத் துயில வைக்க நம் தாய்மாருக்கு எந்தக் கப்பலும் வந்து கற்றுத் தரவில்லை. பிள்ளைத்தமிழில் தாலாட்டுக்கெனவே ஒரு பருவம் வகுத்த மொழியல்லவா நம்முடையது? இங்கே மலாய்க்காரர் வீடுகளில் சாரோங்கைத் தொங்கவிட்டு ஆட்டும் 'புவாய்' தொட்டிலும் நம் தூளிக்கு உறவுதான்.

அக்காள் அக்கலையைக் கற்ற விதத்தை நான் சொல்லியாக வேண்டும். நாங்கள் பிறந்தது கிள்ளானுக்கு அப்பாலிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில். விடியுமுன் அம்மா பால்மரம் சீவப் போய்விடுவார். கைக்குழந்தைகள் ஆயாக்கொட்டகையில் வரிசையாகத் தொங்கும் தூளிகளில் கிடக்கும். நானோ நோயாளிக் குழந்தை. ஓயாது அழுத என்னை ஆயா ஏற்க மறுத்தாராம். 1961-இல், இரண்டாம் வகுப்பிலிருந்த அக்காளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். லயத்து வீட்டின் உத்தரத்தில் தூளி கட்டி ஆட்டுவது அவருக்கு வேலையாயிற்று. நான் தேறினேன், நடந்தேன், பள்ளிக்கும் போனேன். அவர் திரும்பப் போகவேயில்லை. என் முதல் சம்பளத்தில் அவருக்கொரு சேலை வாங்கித் தந்து கடன் தீர்ந்ததாக நினைத்த அறியாமையும் எனக்கு இருந்தது.

தூளி கட்டி முடிந்ததும், "ஏறிப் பார்" என்றார் அக்காள்.

"நீங்கள் படுங்கள், அக்கா."

"எனக்கெதற்கு? நான் எப்போது தூளியில் படுத்தேன்?" என்று சிரித்தார். கைக்குழந்தையாய்ப் படுத்திருப்பார், அவருக்கு நினைவிருக்க வழியில்லை. வெகுநேரம் வற்புறுத்திய பின், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அஞ்சி அஞ்சி அமர்ந்து, சற்றே குறுக்காகச் சாய்ந்தார். குறுக்காகப் படுத்தால்தான் முதுகு வளையாது என்று எனக்குச் சொன்னவரும் அவரே. நான் கயிற்றைப் பிடித்து மெல்ல ஆட்டினேன். ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவரின் பேச்சு இடையில் நின்றது. எழுபதைக் கடந்த அம்முகம் உறக்கத்தில் அம்மாவின் சாயலாக இருந்தது.

கிள்ளான் வானத்தை நம்ப முடியாது. மூன்று மணிக்கெல்லாம் மேற்கே கறுத்து, மாவிலைகள் புரளத் தொடங்கின. மழைக்குமுன் தூளியை அவிழ்த்தாக வேண்டும். நனைந்து நனைந்து கிடந்தால் பருத்தி மக்கிவிடும். எழுப்பலாமா, இன்னும் சற்றுப் பொறுக்கலாமா என்று தெரியாமல், கயிற்றை விடாது ஆட்டியவாறே நின்றிருந்தேன்.