கசிவு எங்கே?

சிறு துளி பெருவெள்ளம் என்பர் நம் முன்னோர். சேமிப்பைப் பற்றிப் பேசும்போது இனிக்கின்ற இப்பழமொழி இழப்பிற்கும் பொருந்தும் என்பதைச் சென்ற கோடையில் எங்கள் லாரியின் ரப்பர்க் குழாய் ஒன்று எங்களுக்குக் கற்பித்தது. அந்தப் பாடத்திற்கு நாங்கள் கொடுத்த விலை சிறிதன்று. ஆகவே, வாசக அன்பர்களோடு அதைப் பகிர்ந்துகொள்வது நலம் எனக் கருதுகிறோம்.

வேடசந்தூர் வட்டத்து எரியோடு எங்கள் ஊர். மழையையும் கிணற்றையும் நம்பி வாழும் செம்மண் பூமி. தக்காளியும் முருங்கையும் நிலக்கடலையும் விளையும் இப்பகுதியில், விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டு சேர்க்கும் ஒரு பழைய லாரிதான் எங்கள் குடும்பத்திற்குக் காணியும் கிணறும். தந்தையார் வரவு செலவைப் பார்ப்பார். சிற்றப்பா வண்டி ஓட்டுவார். கடைசித் தம்பி கிளீனர். மூத்த பிள்ளைகளாகிய நாங்கள் ஊர் ஊராகச் சென்று சுமை பிடிப்போம். ஒரே வண்டி, ஒரே அடுப்பு, ஒரே கணக்குப் புத்தகம் என இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன.

பங்குனி மாதத்தில் தொல்லை தொடங்கிற்று. காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் நீர் மட்டம் இறங்கியிருக்கும். அரை வாளி ஊற்றினால் நிறையும். மறுநாள் மீண்டும் இறங்கியிருக்கும். வண்டி நின்ற இடத்தில் மண்ணைத் தடவிப் பார்த்தால் ஈரமே இல்லை! நீர் எங்கே போகிறது என்று எவருக்கும் விளங்கவில்லை. விளங்காத இடத்தில் சந்தேகம் வந்து குடியேறுவது உலக இயல்பு அன்றோ? “வண்டியை விரட்டி ஓட்டினால் இப்படித்தான் ஆகும்” என்றார் தந்தையார். “நான் எப்போது அண்ணே விரட்டினேன்?” என்று கேட்டார் சிற்றப்பா. அன்று முதல் இருவரும் ஒரே திண்ணையில் அமர்ந்து உண்ணவில்லை.

சித்திரையில் ஓர் இரவு, திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிச் சென்றோம். வடமதுரை, அய்யலூர் கடந்து வையம்பட்டியை நெருங்கும்போது வெப்பம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. சிற்றப்பா ஓரங்கட்டி நிறுத்தினார். விடிவதற்குள் சுமை சேரவேண்டுமே என்ற பதற்றத்தில், இயந்திரம் ஆறும்வரை பொறுக்காமல், தம்பி ஒரு துணியைச் சுற்றி மூடியைத் திருகிவிட்டான். அடுத்த நொடி சீறியெழுந்த கொதிநீரும் ஆவியும் அவன் முன்னங்கையைச் சுட்டுவிட்டன.

இதன் காரணத்தை ஒவ்வொரு வீட்டாரும் அறிந்திருக்க வேண்டும். திறந்த பாத்திரத்தில் நீர் 100 டிகிரியில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடியோ அழுத்தத்தை உள்ளே அடக்கி வைக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அளவு அழுத்தம் கூடினால் கொதிநிலை 120 டிகிரியளவுக்கு உயரும். அந்நிலையில் மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென நீங்க, அதுவரை அடங்கியிருந்த நீர் ஒரே நொடியில் பொங்கி ஆவியாகிறது. துணி அதைத் தடுக்காது. இயந்திரத்தை நிறுத்தி, மேல் குழாயை வெறுங்கையால் சூடின்றிப் பிடிக்க முடியும்வரை காத்திருப்பதே வழி. நல்லவேளையாக அருகிலிருந்த தேநீர்க் கடைத் தொட்டிக் குழாயின் கீழ் அவன் கையை இருபது நிமிடம் காட்டச் செய்தோம். மையோ மாவோ பூசாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். தழும்பு இன்றும் இருக்கிறது; விரல்கள் பழுதில்லை.

தக்காளி பாதி விலைக்குப் போயிற்று. ஊர் திரும்பியதும் வீட்டில் மூண்ட பேச்சை எழுத மனம் கூசுகிறது. “பிள்ளையின் கையைச் சுட்டுவிட்டாய்” என்று தந்தையார் தம் தம்பியைப் பார்த்துச் சொன்னார். சிற்றப்பா சாவியைக் கணக்குப் புத்தகத்தின்மேல் வைத்துவிட்டு வெளியேறினார். வண்டியைப் பார்த்த ஒரு பட்டறைக்காரர், “ஹெட் காஸ்கெட் போய்விட்டது, இன்ஜினைப் பிரிக்கவேண்டும்” என்றார். அவர் சொன்ன தொகைக்கு வண்டியையே விற்றுவிடலாம் எனத் தந்தையார் முடிவு செய்தார். வண்டியை விற்றால் குடும்பமும் இரண்டாகும் என்பது எல்லாருக்கும் தெரியும். எவரும் வாய் திறந்து சொல்லவில்லை.

விற்பதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாமென்று, திண்டுக்கல்லில் பழைய மெக்கானிக் ஒருவரிடம் வண்டியை மெதுவாகக் கொண்டு சேர்த்தோம். தந்தையாரும் வந்தார், எங்கள் வேண்டுகோளுக்கிணங்கிச் சிற்றப்பாவும் வந்தார். இருவரும் வண்டியின் இரு பக்கங்களில் நின்றனர்.

பெரியவர் கேட்ட முதற் கேள்வியே எங்களைத் திகைக்க வைத்தது. “யார் ஓட்டியது என்று நான் கேட்கவில்லை ஐயா. நீர் எப்போது குறைகிறது? ஓடும்போதா, நிற்கும்போதா?”

பின்னர் ஒவ்வொன்றாகச் சோதித்தார். ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தார். ஆயிலில் நீர் கலந்திருந்தால் அது பால்போல் வெளுத்திருக்கும். இங்கே அப்படி இல்லை. குளிர்ந்த இயந்திரத்தை மூடி திறந்த நிலையில் ஓட்டி, ரேடியேட்டர் வாயில் இடைவிடாது குமிழி வருகிறதா என நோக்கினார், வரவில்லை. புகைக்குழாயில் வெண்ணிற ஆவியும் இல்லை. “காஸ்கெட்டைக் குறை சொல்ல இதுவரை சாட்சி இல்லை” என்றார். அடுத்துத் தண்ணீர்ப் பம்பின் அடியிலுள்ள சிறு துளையைத் தடவினார், உலர்ந்திருந்தது. இறுதியாக, அளவுமானி பொருத்திய கைப்பம்பை ரேடியேட்டர் வாயில் மாட்டி, மூடியில் குறித்திருந்த அழுத்தம் வரும்வரை காற்றடித்துவிட்டுக் காத்திருந்தார். முள் மெல்ல மெல்ல இறங்கிற்று. கால் மணி நேரம் கழித்து, கீழ்க் குழாயின் அடிப்புறத்தில், கிளிப்புக்கு அருகே, ஒரு முத்துப்போல நீர்த்துளி திரண்டது. அங்கே பச்சையும் வெள்ளையுமாய் உப்புப் படிந்திருந்ததை அப்போதுதான் கண்டோம்.

மண் ஏன் நனையவில்லை? வண்டி நிற்கும்போது அழுத்தம் இல்லை, கீறல் மூடிக்கொள்ளும். ஓடும்போது அழுத்தம் ஏற, கீறல் வாய் திறக்கும். சிதறும் நீரை விசிறிக் காற்றும் இயந்திரச் சூடும் தடமின்றி உலர்த்திவிடும். அதனால்தான் இரவெல்லாம் ஒழுகிய வண்டி பகலில் குற்றமற்றதுபோல் நின்றது!

பெரியவர் குழாயின் நடுப்பகுதியை அழுத்தினார், உறுதியாக இருந்தது. முனையருகே அழுத்தினார்; விரல் புதைந்தது. “குழாய் உள்ளேயிருந்து கெடும் ஐயா, வெளியே பளபளப்பாகத்தான் இருக்கும்” என்றார். குழாயின் ரப்பரும் உள்ளே ஓடும் நீரும் முனையிலுள்ள உலோகமும் சேர்ந்து ஒரு மின்கலம்போல் ஆகி, முனைகளுக்கருகே உட்புறத்தில் நுண்ணிய கீறல்களை உண்டாக்குகின்றன என்று வாகன அறிவியல் கூறுகிறது. அத்துடன் எங்கள் பிழையும் சேர்ந்தது. துருவைத் தடுக்கும் மருந்தும் கொதிநிலையை உயர்த்தும் கிளைக்காலும் கலந்த கூலன்ட் ஊற்றவேண்டிய இடத்தில், சிக்கனம் கருதி உப்புக் கிணற்று நீரை ஊற்றி வந்தோம். அப்படி ஊற்றச் சொன்னவர் தந்தையார். முள் ஏறுவதைப் பலமுறை கண்டும் சுமையைச் சேர்த்துவிட்டுச் சொல்லலாமென ஓட்டியவர் சிற்றப்பா. பார்த்தும் பாராதிருந்தவர்கள் நாங்கள்.

மாற்றும் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. ஆறிய இயந்திரத்திலிருந்து நீரை ஒரு பாத்திரத்தில் வடித்தார். கூலன்ட் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. ஆடு மாடோ குழந்தையோ வாய் வைக்காதபடி மூடி வைக்கவேண்டும். கிளிப்புகளைத் தளர்த்தினார். ஒட்டிக்கொண்ட குழாயை நெம்பி இழுக்காமல், கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்தார். நெம்பினால் ரேடியேட்டரின் கழுத்து பிளந்துவிடுமாம். கழுத்தில் படிந்த துருவை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தார். அதே அளவும் வளைவும் கொண்ட, உள்ளே சுருள்கம்பி உடைய புதுக் குழாயை எடுத்தார். பம்பு உறிஞ்சும்போது கீழ்க் குழாய் ஒட்டிப்போகாமல் காப்பது அக்கம்பியே. கிரீசு தடவாமல், சிறிது கூலன்ட் தொட்டுக் குழாயைச் செருகி, கழுத்தின் விளிம்பைத் தாண்டிக் கிளிப்பை அமர்த்தி முறுக்கினார். பின் கூலன்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி கலந்து மெதுவாக ஊற்றி, மூடியின்றி இயந்திரத்தை ஓட்டினார். தெர்மோஸ்டாட் திறந்து உள்ளிருந்த காற்று குமிழியாக வெளியேற, குறைந்த அளவை நிரப்பி மூடினார். முதல் ஓட்டம் முடிந்து ஆறியபின் கிளிப்பை இன்னொருமுறை முறுக்கச் சொன்னார்.

அந்த ஒரு மணி நேரமும் வண்டியின் அடியில் படுத்து விளக்குப் பிடித்தவர் சிற்றப்பா. வேலை முடிந்து எழுந்தவரின் சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தந்தையார் தம் கையால் தட்டிவிட்டார். பிறகு பையிலிருந்த சாவியை எடுத்து நீட்டி, “தம்பி, உன்னைச் சொன்னது தப்பு. நீயே ஓட்டு” என்றார். “நானும் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும் அண்ணே” என்றார் அவர். எங்கள் தம்பி கட்டுப்போட்ட கையோடு இருவருக்கும் நடுவில் ஏறி அமர்ந்துகொண்டான்.

இப்போது ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் வண்டியின் குழாய்களை யாரேனும் ஒருவர் முனை முனையாக அழுத்திப் பார்க்கிறோம். நீர் குறைந்தால் ஊற்றிவிட்டுப் போவதில்லை. ஏன் குறைந்தது என்று பார்க்கிறோம்.

அன்பர்களே, உங்கள் வீட்டில் லாரி இல்லாதிருக்கலாம். ஆயினும் நாள்தோறும் ஏதோ ஒன்று குறைகிறது, தரையில் ஈரம் மட்டும் தெரியவில்லை என்ற நிலை எந்த வீட்டில்தான் இல்லை? அப்போது நாம் முதலில் தேடுவது யாரை என்பதை எண்ணிப் பார்ப்போம். குற்றவாளியைத் தேடுமுன் கசிவைத் தேடுவோம். சூடு ஆறும்வரை மூடியைத் திறவாதிருப்போம்.