கடற்கரைக்குப் போனவர்கள்

'கடவுள் சொன்னபடி நடக்கிறவனுக்கு ஒரு கெடுதலும் வராது.' சின்ன வயசில் உங்களுக்கும் யாராவது இதைச் சொல்லியிருப்பார்கள். வீட்டு மாடத்தில் விபூதி இருந்தாலும் சிலுவை இருந்தாலும் இந்தப் பாடம் மட்டும் பொது. சரி, கெடுதல் வந்துவிட்டால்?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற நூற்றுக்கணக்கான யாத்ரீகர்களைச் சுனாமி வாரிக்கொண்டு போனது. பேராலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை. 'மாதாதான் காப்பாத்தினாங்க' என்று உள்ளே இருந்தவர்கள் அழுதார்கள். அந்தக் கண்ணீர் நிஜம். ஆனால், கடற்கரைக்குப் போனவர்களும் அதே மாதாவைப் பார்க்க ராத்திரியெல்லாம் பஸ்ஸில் வந்தவர்கள்தானே?

எங்கள் பெண்ணாடத்தில் ஒரு டெய்லர் அண்ணன். தங்கச்சியை அந்தக் கடலில் பறிகொடுத்தவர். சில வருஷம் கழித்து ஒருநாள், மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "துக்கம் கேக்க வந்த ஒருத்தர், 'செபத்துல ஏதோ கொறை இருந்திருக்கும்'னுட்டுப் போனாரு தம்பி. தண்ணி கொண்டுபோனதக்கூடத் தாங்கிட்டேன். இந்த வார்த்தையத்தான் தாங்க முடியல."

இப்படிக் கணக்குப் பார்ப்பவர்களுக்குப் பைபிளிலேயே பதில் இருக்கிறது. சீலோவாம் என்ற இடத்தில் கோபுரம் இடிந்து 18 பேர் செத்துப்போகிறார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று இயேசுவே கேட்டு, 'இல்லை' என்று அவரே பதிலும் சொல்கிறார். சொல்லிவிட்டு, நீங்கள் திருந்துங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பக்கம் திரும்புகிறார். செத்தவர்களைப் பற்றிய விசாரணை அங்கே முடிந்துபோகிறது.

நம் பக்கத்துச் சரித்திரத்தையும் பாருங்கள். திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகஸ்தர் நீலகண்டப் பிள்ளை 1745-ல் கிறிஸ்தவராகி, தேவசகாயம் பிள்ளை ஆனார். கைது, சித்ரவதை, கடைசியில் 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாடிமலையில் துப்பாக்கிக் குண்டு. பெயரே தேவ 'சகாயம்'! 2022-ல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அதற்கும் முன்னால் 1693-ல் ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டப்பட்டார். இவர்களுக்குக் கடவுள் சித்தத்தை மீறியதால் ஆபத்து வரவில்லை. அதன்படி நடந்ததால்தான் வந்தது.

சரி, அவர்கள் பெரியவர்கள், தெரிந்தே போனார்கள். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டுக்குப் பலியான ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள்? அவர்கள் எதைத் தெரிந்துகொண்டு போனார்கள்? இதற்குப் பதில் வைத்திருக்கிறேன் என்று யாராவது சொன்னால், கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

'அப்போ சாமி எதுக்கு?' என்று கேட்பீர்கள். அதற்கு எங்கள் ஊரையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். அப்பர் சுவாமிகளை நீற்றறையில் அடைத்தார்கள், நஞ்சு கொடுத்தார்கள், கல்லில் கட்டிக் கடலில் போட்டார்கள். எல்லாவற்றிலும் தப்பித்துக் கரையேறியவர், பிறகு பெண்ணாடத்துக்கு வந்தார் என்கிறது பெரியபுராணம். வந்தவர் இங்கே என்ன வேண்டினார் தெரியுமா? 'இனிமேல் எனக்கு ஆபத்தே வரக்கூடாது' என்றா? இல்லை. சூலமும் இடபமுமாகத் தன் உடம்பில் ஒரு முத்திரை. நான் உன் ஆள் என்பதற்கு ஓர் அடையாளம். அவ்வளவுதான்.

தேவசகாயம் குண்டடிபட்டுச் செத்தார்; அப்பர் கரையேறினார். முடிவு வேறு வேறு. ஆனால் 'உன் ஆள்' என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகம் இல்லை. பக்தி இன்ஷூரன்ஸ் பாலிசி அல்ல, உறவு. உறவு என்றால், கஷ்டம் வராது என்று அர்த்தமில்லை. கஷ்டத்திலும் விட்டுப்போகாது என்று அர்த்தம். டெய்லர் அண்ணன் இன்னமும் வேளாங்கண்ணிக்குப் போகிறார். "கேள்வி கேக்கவும் ஆள் வேணும்ல?" என்கிறார்.

ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை துக்க வீட்டுக்குப் போகும்போது, கடவுளுக்காக வக்கீல் வேலை பார்க்காதீர்கள். அவர் கேட்கவில்லை. பக்கத்தில் போய்ப் பேசாமல் உட்காருங்கள். ஒரு வாய் காபி குடிக்க வையுங்கள். அது போதும்.