நெருஞ்சியின் விருந்தாளி

1990இல் இடம்பெயர்ந்த என் உம்மம்மாவின் தோழிக்குக் காங்கேசன்துறைக் காணி பல ஆண்டுகளுக்குப் பின்பே திரும்பக் கிடைத்தது. அதே 1990 ஒக்டோபரில்தான் எங்கள் குடும்பமும் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. இருவரும் வேம்படியில் பேசிக்கொண்டிருக்க, நான் முற்றத்து நெருஞ்சியைப் பிடுங்கினேன். காலடியிலிருந்து நீலமாய் ஒன்று எழுந்து பறந்தது.

அது சிசீரியா கர்சந்திரா என்னும் புல் நீலன் வண்ணத்துப்பூச்சி. சிறகு விரித்தால் ஏறக்குறைய இரண்டு சென்ரிமீற்றர். அதன் பச்சைப் புழு நெருஞ்சியிலும் குப்பைக்கீரையிலும் வளரும். புழு சுரக்கும் இனிப்பை உண்ண வரும் எறும்புகளே அதற்குக் காவல்.

“அம்மம்மா, வேலியோரம் கொஞ்சம் விடுவோமா?” என்றேன்.

“நாங்கள் இல்லாத காலம் இந்தக் காணியில இருந்தது இதுகள்தானே. இருக்கட்டும் பிள்ளை.”

உம்மம்மா மெல்லத் தலையசைத்தார். எங்கள் பழைய முற்றத்திலும் ஏதேனும் பறந்திருக்கும்.